சுவரும் அரிக்கும், கரையும் அரிக்கும்: நிலம் மாறும் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்தக் கரையோரப் பள்ளியிலும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் "அரிப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். வீட்டுச் சுவர் உப்பில் அரிச்சுப் போச்சு என்பான் ஒருவன். வள்ளத்தில் இருந்த இரும்பு அரிச்சுப் போச்சு என்பாள் ஒருத்தி. கடல் வந்து கரையை அரிச்சிருச்சு என்பான் மூன்றாமவன். மூன்றும் நல்ல தமிழ். பாடத்தின் கணக்கில் முதல் இரண்டும் சிதைவின் பக்கம் சேரும். மூன்றாவது மட்டும்தான் அரிப்பு. இந்த ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டாமல், "வானிலைச் சிதைவு என்பது யாதெனில்" என்று கரும்பலகையில் எழுதத் தொடங்குவதுதான் முதல் தவறு. பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல.

வரையறைக்கு முன்னால் மூன்று கேள்விகளைப் பழக்குங்கள். உடைஞ்சுச்சா? நகர்ந்துச்சா? எங்க போய் உட்கார்ந்துச்சு? இருந்த இடத்திலேயே உடைந்தால், பொடிந்தால், கரைந்தால் சிதைவு. உடைந்ததைத் தண்ணீரோ காற்றோ அலையோ பெயர்த்து எடுத்தால் அரிப்பு. தூக்கிக்கொண்டு போவது கடத்தல். இறக்கி வைப்பது படிவு. (கடத்தல் என்றதும் இந்தக் கரைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல் மறக்காது.) சுவரிலிருந்து உதிர்ந்த செங்கல் பொடி சுவரடியிலேயே கிடக்கும்வரை நடந்தது சிதைவு. மழைநீர் அதை வாய்க்காலுக்குக் கொண்டுபோனால் அரிப்பும் கடத்தலும். வாய்க்கால் முனையில் அது தங்கினால் படிவு. ஒரே பொடியை வைத்து முழுப் பாடத்தையும் சொல்லிவிடலாம்.

அடுத்த தவறு, பனியில் தொடங்குவது. பாறை விரிசலில் தண்ணீர் புகுந்து, உறைந்து, சுமார் 9 சதவீதம் பெருத்துப் பாறையைப் பிளக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐஸ் பெட்டியில் மீனோடு கிடக்கும் பனிக்கட்டியைத் தவிர வேறு பனி பார்க்காத பிள்ளைக்கு அது கதை. இங்கே அந்த வேலையைச் செய்வது உப்பு. ஈரம் சுவரில் ஏறும், வெயிலில் காயும், துளைகளுக்குள் உப்புப் படிகம் வளர்ந்து செங்கல்லை உள்ளிருந்து தள்ளும். பழைய வீடுகளில் பாருங்கள்: தரையை ஒட்டிய வரிசை ஓரளவு நன்றாக இருக்கும், முழங்கால் உயரத்தில்தான் செங்கல் குழிந்து பொரிந்திருக்கும். ஏறிய ஈரம் காயும் இடம் அதுதான்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். ஆனால் பெரும்பாலும் தவறாகச் செய்து, "ஒன்றும் நடக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். 200 மில்லி தண்ணீரில் சுமார் 75 கிராம் கல் உப்பைக் கரையுங்கள்; அடியில் சில பரல்கள் கரையாமல் நின்றால்தான் கரைசல் போதுமான செறிவு. கையால் அறுத்த நாட்டுச் செங்கல் துண்டு ஒன்று, 10 சென்டிமீட்டர் உயரம், பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்துங்கள். அடி 2 சென்டிமீட்டர் மட்டும் நனைய வேண்டும். முழுதாக முக்கினால் காய இடமே இல்லை, படிகமும் வராது. மூடி போட்டாலும் அதே கதி. கருங்கல் ஜல்லியை வைத்தால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதில் தண்ணீர் ஏறத் துளை இல்லை. வெயிலும் காற்றும் படும் இடத்தில் வைத்து, வற்றும்போது அதே உப்புக் கரைசலை ஊற்றிவாருங்கள்.

சில நாட்களில் மேலே வெள்ளையாகப் பூக்கும். "கல் உடைஞ்சிருச்சு சார்" என்று கத்துவார்கள். அதை ஒப்புக்கொண்டால் பாடம் போச்சு. அது வெறும் உப்பு. இரண்டு மூன்று வாரம் பொறுத்து, காகிதத்தை விரித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த பொடியைத் தண்ணீரில் போடுங்கள். உப்பு கரைந்து போகும். அடியில் சிவப்பாகத் தங்குவதுதான் உடைந்த செங்கல். அந்தச் சிட்டிகை சிவப்புதான் சிதைவு. அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். அடைமழையில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதிச் சிதைவுக்கு வருவோம். வினிகரில் சாக்பீஸைப் போட்டு நுரை வரும் என்று காத்திருப்பது வழக்கமான சறுக்கல். இப்போது கடையில் கிடைக்கும் சாக்பீஸில் பெரும்பாலானவை ஜிப்சத்தால் செய்தவை. அவை வினிகரில் பொங்காது. முட்டை ஓடு, சமையலில் மிஞ்சிய மட்டிச் சிப்பி, சுண்ணாம்புக்கல் ஆகியவை பொங்கும். முட்டை ஓட்டை இரண்டாக்கி ஒன்றை வினிகரிலும் ஒன்றைத் தண்ணீரிலும் போட்டால், வினிகரில் உடனே குமிழி கிளம்பும். ஓரிரு நாளில் ஓடு கரைந்து சவ்வு மட்டும் நிற்கும்.

இதிலிருந்து "கடல்நீர் பவளக்கல்லைக் கரைக்கிறது" என்று முடிவு சொல்லிவிடுவது அடுத்த சறுக்கல். கடல்நீர் அமிலம் இல்லை, அதன் பி.எச். அளவு (7-க்குக் கீழே இருந்தால்தான் அமிலம்) ஏறக்குறைய 8.1. லேசான அமிலம் மழைநீர்தான், சுமார் 5.6. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரில் பவளக்கற்கள் தெரியும். அவற்றை மெல்லக் கரைப்பது மழை. உப்புப் படிகத்தால் பொடிய வைப்பது கடல் காற்று. மழை, வினிகரைவிடப் பல மடங்கு வலு குறைந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மழையில் தேவாலயம் கரையும் என்று நினைப்பார்கள்.

சோதனைக்கென்று கரையில் பவளத் துண்டு பொறுக்க விடக் கூடாது. உயிருள்ளதோ செத்ததோ, பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

தட்டில் மணலைப் பரப்பி ஆறும் அலையும் காட்டும் தட்டுச் சோதனையில் கோளாறுகள் அதிகம். 45-க்கு 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தட்டு, 8 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். ஆறு காட்ட ஒரு முனையை 3 சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். அளவுக்கு மீறித் தூக்கினால் மணல் மொத்தமாகச் சரியும், ஓடை வெட்டாது. மணலை ஈரமாக்கி அழுத்திப் பரப்ப வேண்டும். மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் ஒரு குழிதான் விழும். மூடியில் துளையிட்ட பாட்டிலால் மெல்ல விடுங்கள். வெறும் மணலாக இல்லாமல் மணல், களிமண், பொடிச் சல்லி மூன்றையும் கலந்தால் சல்லி முதலில் நிற்கும், பிறகு மணல், களிமண் கலங்கலாகக் கடைசிவரை போகும். அந்தக் கலங்கலைக் கீழே கொட்டிவிடுகிறார்கள்! கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் நிற்கும் மெல்லிய அடுக்குதான் வண்டல். ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வைகை கொண்டுவந்து இறக்குவதும் இதுதான். கண்மாயைத் தூர் வாருவது என்றால் படிவை அள்ளுவது.

அலை காட்டும்போது எல்லாரும் கரைக்கு நேராகத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். மணல் முன்னும் பின்னும் ஆடி, போட்ட இடத்திலேயே நிற்கும். ஒரு முனையில் மணலைச் சரிவாக அடுக்கி, 3 சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு, அடிஸ்கேலைச் சாய்வாகப் பிடித்து, நொடிக்கு ஒரு தள்ளாக நூறு தள்ளு. மணல் அளவுக்கு நொறுக்கிய செங்கல் பொடியை ஓரிடத்தில் கோடாகப் போட்டு வைத்தால், அது கரையோடு பக்கவாட்டில் ஊர்ந்து போவது தெரியும். இப்போது சின்ன ஸ்கேல் ஒன்றைக் கரைக்குக் குறுக்கே நடுங்கள். மணல் வரும் பக்கம் மேடாகும், மறுபக்கம் குழியும். கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு செய்வதும் இதுதான். "கல்லைக் கொட்டினால் அரிப்பு நிற்கும்" என்று முடிக்காதீர்கள். நிற்பது ஒரு பக்கம், பறிபோவது மறுபக்கம். பவளத்திட்டுகள் அலையின் வேகத்தைக் கடலிலேயே உடைக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன; சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கடல் எடுப்பதை மட்டும் சொல்லிக் கொடுத்து, கொடுப்பதை விட்டுவிடுவது மறந்து செய்கிற தவறு என்றுகூடச் சொல்ல முடியாது, அது பழக்கமாகிவிட்டது. தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனை என்ற பெயரிலேயே அரிச்சல் இருப்பதால் அங்கே அரிப்பு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். அந்த மணல் நாக்கே இருபுறக் கடலும் கொண்டுவந்து போட்ட படிவு. அந்த மணலும் ஒரே இடத்துச் சரக்கு இல்லை. ஒரு சிட்டிகை கரை மணலில் வினிகர் விட்டால் சில பரல்கள் பொங்கும். அவை சிப்பியும் பவளமும் உடைந்தவை. பொங்காதவற்றில் பெரும்பகுதி, மலைப்பாறை சிதைந்து ஆறுகள் வழியே வந்த குவார்ட்ஸ் என்னும் கனிமம்.

"நிலம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாக மாறுகிறது" என்ற வாக்கியத்தையும் அப்படியே விடாதீர்கள். 1964 டிசம்பர் 22, 23-க்கு இடைப்பட்ட இரவில் புயலும் அதோடு எழுந்த கடலும் தனுஷ்கோடியை அழித்தன. அன்று தப்பி நின்ற சுவர்கள் அறுபது ஆண்டுகளாகப் பொடிப்பொடியாக உதிர்கின்றன. ஒரே இடத்தில் ஒரு ராத்திரி வேலையும் இருக்கிறது, நாள்பட்ட வேலையும் இருக்கிறது.

வேர் பாறையை உடைக்கும் என்று மட்டும் எழுதிப்போட்டால் பாதி உண்மைதான். சுவரில் முளைத்த அரசங்கன்று விரிசலைப் பெரிதாக்கும். மணல்மேட்டில் படர்ந்த அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து நிறுத்தும். இரண்டையும் அருகருகே வரையச் சொல்லுங்கள்.

கரையை அளக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் கவனம் வேண்டும். ஒரு முறை பார்த்துவிட்டு "கடல் முன்னேறிவிட்டது" என்று எழுதக் கூடாது. தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கம். மன்னார் வளைகுடாவை ஆண்கடல், பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்று மீனவர்கள் பிரிப்பது சும்மா இல்லை. ஒரு பருவத்தில் போன மணல் அடுத்த பருவத்தில் ஓரளவு திரும்பும். ஆகவே பன்னிரண்டு மாதமும், ஒவ்வொரு முறையும் பௌர்ணமியை ஒட்டிய அதே நாளில் அளக்க வேண்டும். தண்ணீர் விளிம்பு வரை அளந்தால், கடல் ஏறும் நேரத்துக்கும் வற்றும் நேரத்துக்கும் கணக்கு மாறிவிடும். கடல் ஏறி நின்ற இடத்தில் காய்ந்த பாசி வரிசையாகக் கிடக்கும். அதுவரை டேப் பிடியுங்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆபத்தானது, யாரையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். அளவைத் தொடங்கும் புள்ளி மின்கம்பமோ கட்டடத்தின் மூலையோ ஆக இருக்கட்டும். மணலில் நட்ட குச்சி அடுத்த மாதம் அங்கே இருக்காது.