கூத்துக் கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையையோ பழைய பள்ளிக்கூடத்தின் ஓர் அறையையோ ‘வாழும் அருங்காட்சியகம்’ ஆக்க இளைஞர்கள் கிளம்பும்போது, ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்கிறார்கள். போகிறேன். ஆர்வத்தைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் முன்பு தொடங்கியவர்கள் விழுந்த அதே குழியில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பலகையில் எழுத்துப்பிழை, நன்கொடைப் பட்டியலில் பெயர் விட்டுப்போவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

புழக்கத்தில் இருக்கும் பொருளை வாங்கிப் பூட்டுவது

தெருக்கூத்தை இங்கே பலருக்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றால்தான் தெரியும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்த 342 பேரில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள் அதில் ஏராளம். கூத்தும் அவர்களோடு வந்தது.

கூத்துக்கான கிரீடம், புஜக்கீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. கல்யாண முருங்கை மாதிரி லேசான மரம்தான். ஆனாலும் தலையிலும் இரண்டு தோளிலும் மார்பிலும் கட்டிவிட்டால் ஆடுபவரின் நடையே மாறிவிடும். கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, முழு உடம்பும் சேர்ந்து திரும்பவேண்டும். துரியோதனனின் அந்த ராஜநடையை வாத்தியார் பாதி சொல்லிக்கொடுக்கிறார். மீதியைக் கட்டின கட்டை சொல்லிக்கொடுக்கிறது.

ஒரு கோயிலில் நான் பார்த்தது இது. பெயர் வேண்டாம். இனத்துக்கு ஓர் இடம் என்று ஆட்களைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்டபோது வீட்டை விட்டாலும் கூத்துப்பெட்டியை விடாமல் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி வந்த குடும்பம். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு செட். அருங்காட்சியகம் தொடங்கியவர்கள் ‘எங்களிடம் பத்திரமாக இருக்கும்’ என்று பேசி அதை வாங்கி, கண்ணாடிக்குள் வைத்து விளக்கும் போட்டார்கள். அடுத்த திருவிழாவுக்குக் குடும்பத்தார் கேட்டபோது, அது இனிமேல் வெளியே போகாது என்று பதில் வந்தது. சரி என்று அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். துரியோதனனுக்குப் பழகிக்கொண்டிருந்த பையன் தலையைச் சட்சட்டென்று வெட்டிவெட்டித் திருப்பினான். பாரம் இல்லையே, அவன் என்ன செய்வான்! வாத்தியார் பாதியில் தாளத்தைக் கீழே வைத்துவிட்டார். அதற்கடுத்த வருடம் கூத்தே நடக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கலையைக் காப்பாற்ற வந்தவர்கள்தான் அதை நிறுத்தினார்கள்.

பொருளை வாங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பொருள் கூத்துக்குழுவுக்கே சொந்தம், திருவிழாவுக்கு வெளியே போகும், திரும்ப வரும். போகும்போதும் வந்த பிறகும் படம் எடுத்து, எந்தக் கண்ணாடித் துண்டு உதிர்ந்தது என்று குறித்துவையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு ஏதாவது வேண்டும் என்றால் புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். கல்யாண முருங்கையின் இனத்து மரம் நேட்டாலில் தானாகவே வளர்கிறது. மீன்வலைக்கு மிதப்புக்கட்டை ஆகும் அளவுக்கு லேசு. செதுக்குபவர் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை உட்காரவையுங்கள். பழைய கிரீடம் ஆடி ஆடி ஒருநாள் உடையலாம். உடையட்டும். அடுத்ததைச் செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தீ மூட்ட இடமில்லாத கட்டடம்

தப்பு என்கிற பறையை அடிக்கும் முன் நெருப்பில் காட்டித் தோலை இறுக்கவேண்டும். டர்பன் கடற்காற்றில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். ஒரு நிலையத்தில் ஏ.சி., தீ எச்சரிக்கை மணி எல்லாம் போட்டார்கள், முற்றம் மட்டும் வைக்கவில்லை. அடிக்க வந்தவர்கள் கார் நிறுத்துமிடத்தில் செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்ச, காவலாளி ஓடிவந்து அணைக்கச் சொன்னார். வரைபடம் போடும்போதே திறந்த முற்றம் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

சென்னையைப் பார்த்துக் காப்பியடிப்பது

முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருமையான இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செட்டிநாட்டுத் தூண் எழுப்பாதீர்கள். நம் பாட்டன் பூட்டன் இருந்தது மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீட்டில். அப்படி ஒன்று எங்காவது நின்றால் அதைப் பிடியுங்கள். தட்சிணசித்ராவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கைவினைஞர் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்யும் வழக்கம்.

வாத்தியாருக்குச் சால்வை மட்டும் போடுவது

காசு கொடுங்கள். கற்க வரும் பிள்ளைக்கும் பஸ் செலவு கொடுங்கள்.

ஒரு ராத்திரி வீடியோ எடுத்துவிட்டு நிம்மதியாவது

வீடியோவைப் பார்த்து மத்தளம் கட்டத் தெரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை.

இந்தியாவை நினைத்து லேபிள் எழுதுவது

கரகத்தில் சொருகியிருப்பது சிரிங்கா இலை என்றால் சிரிங்கா என்றே எழுதுங்கள், வேப்பிலை என்று திருத்தாதீர்கள். வேப்பமரம் கிடைக்காத ஊரில் அதன் உறவுக்கார மரத்தை அடையாளம் கண்டு மாரியம்மனுக்கு வைத்தவர்கள் நம் ஆட்கள். அடுத்த வரியில் அந்தக் கதையையும் எழுதுங்கள்.