ஸ்பா ஊரப் பத்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ஜியத்துல வல்லோனியா பக்கம், லியேஜ் மாகாணத்துல ஸ்பான்னு ஒரு சின்ன நகராட்சி இருக்கு, ஜனத்தொகை பத்தாயிரத்த ஒட்டிதான் வரும். இந்த ஊரப் பத்தி எழுதுறவங்க நிறைய பேர் முதல் வரியிலயே சறுக்கிடுறாங்க. "சாலுஸ் பெர் அக்வாம்", அதாவது தண்ணியால ஆரோக்கியம், இந்த லத்தீன் வாக்கியத்தோட முதலெழுத்த சேத்து ரோமானியர்கள் வச்ச பேருன்னு போட்டுடுறாங்க. தயவுசெஞ்சு இத எழுதாதீங்க. ரோமானியர்கள் அப்படி பேர் வச்சதுக்கு ஆதாரமே இல்ல, இருக்குற பேருக்கு ஏத்த மாதிரி பின்னாடி யாரோ கோத்துவிட்ட கதை இது. ஊற்றுன்னு அர்த்தம் வர்ற 'எஸ்பா'ங்கிற பழைய வல்லூன் (வல்லோனியாவோட வட்டார மொழி) சொல்லுன்னு சிலர் சொல்றாங்க, தெளிக்கிறதக் குறிக்கிற லத்தீன் 'ஸ்பார்கெரே'ன்னு சிலர் சொல்றாங்க, எதுவும் முடிவாகல, அதனால 'இருக்கலாம்'னு எழுதுறதுதான் நேர்மை.

அடுத்தது, மசாஜ் சென்டர் போர்டுல பாக்குற ஸ்பாங்கிற வார்த்தைய இந்த ஊருக்கு வச்சாங்கன்னு நினைக்கிறது. அப்படியே தலைகீழ்! 1571-ல இங்கிலாந்துல ஹாரோகேட்ல ஒரு ஊத்து கிடைச்சப்ப, ஸ்பா தண்ணி மாதிரியே இருக்குன்னு பேச்சு வந்து, அந்த நூற்றாண்டு முடியுறதுக்குள்ளயே அத 'இங்கிலீஷ் ஸ்பா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ஊர் பேருதான் ஊரூரா போய் பொதுப்பேரா மாறிச்சு.

தண்ணியையும் ஒண்ணா கலந்துடாதீங்க. ஊர்க்காரங்க 'பூஹோன்'னு சொல்ற ஊத்துகள்ல வர்றது இரும்புச்சத்து தண்ணி, இயற்கையாவே கேஸ் இருக்கும், வாயில வச்சா துரு ருசி, ஓடுற கல்லுல செங்காவி கறை படிஞ்சிடும். ரஷ்ய மன்னர் பீட்டர் 1717-ல உடம்ப தேத்திக்க வந்து குடிச்சது இந்த மாதிரி தண்ணிதான். கடையில பாட்டில்ல வர்ற ஸ்பா ரெய்ன் வேற, அதுல தாதுச்சத்து ரொம்ப கம்மி. பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதின இரும்பு ருசி ஊத்தும் ஸ்பாதான்னு அடிச்சு சொல்லாதீங்க, அவர் அந்தப் பக்கம் வாழ்ந்த துங்ரிங்கிற பழங்குடி மக்களோட ஊத்துன்னுதான் எழுதியிருக்காரு, பெல்ஜியத்துலயே இருக்குற டோங்கரன் ஊரும் அதுக்கு உரிமை கொண்டாடுது.

பீட்டர் 'பெல்ஜியம்' வந்தாருன்னு எழுதுறதும் தப்பு, அப்ப இது லியேஜ் இளவரசர் ஆயரோட (நாட்டையும் ஆண்ட கிறிஸ்தவ ஆயர்) ஆட்சியில இருந்துச்சு, பெல்ஜியம் பொறந்ததே 1830-ல. முதல் உலகப் போர்ல, 1918-ல, ஜெர்மன் ராணுவத் தலைமையகம் இங்க இருந்ததால போர் நிறுத்தமும் இங்கதான் கையெழுத்தாச்சுன்னு குழப்பிக்கிறாங்க, கையெழுத்து ஆனது பிரான்ஸ்ல கொம்பியேன் காட்டுல. ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் நவம்பர் 10 அன்னிக்கு ஸ்பாவுல இருந்துதான் நெதர்லாந்துக்குப் போனாரு.

எஃப் 1 கார் ரேஸ் ரசிகர்களுக்கு ஒண்ணு: ஸ்பா-ஃப்ராங்கோர்ஷாம்ப் டிராக் ஸ்பா நகராட்சிக்குள்ளயே கிடையாது, ஃப்ராங்கோர்ஷாம்ப் கிராமம் பக்கத்து நகராட்சியான ஸ்டாவ்லோவோடது, டிராக்ல ஒரு பகுதி மால்மெடி எல்லைக்குள்ள வருது.