பிளாயா டெல் கார்மெனில் டைவிங்: டிக்கெட் போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

மெக்ஸிகோவின் கரீபியக் கரையில், கான்கூனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது பிளாயா டெல் கார்மென். கரையிலிருந்தே படகேறிப் பவளப்பாறைக்குப் போகலாம். ஃபெர்ரியில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கோஸுமெல் தீவு. காரில் போனால் காட்டுக்குள் செனோட்டே எனப்படும் நன்னீர்க் குகைகள். மூன்றும் மூன்று விதமான டைவிங். அதை யோசிக்காமல் "ஐந்து நாள், பத்து டைவ்" என்று மொத்தமாகப் பணம் கட்டிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் மாதம். விமானக் கட்டணத்தைப் பார்த்துத் தேதி குறித்துவிட்டு, அப்புறம்தான் கடலில் என்ன இருக்கும் என்று தேடுகிறோம். புல் ஷார்க் எனப்படும் காளைச் சுறாக்கள் இந்த ஊர்க் கரைக்கு வருவது ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை. திமிங்கலச் சுறாக்கள் வருவது கோடையில், வடக்கே இஸ்லா முஹெரெஸ், ஹோல்போஷ் தீவுகளின் பக்கம். அவற்றோடு ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு மூழ்குவது, செய்யவும் அனுமதி இல்லை; குழாயில் மூச்சுவிட்டபடி மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கெல் மட்டும்தான். இரண்டு சுறாக்களையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்று நம்பி வராதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2005 அக்டோபரில் வில்மா புயல் கோஸுமெலின் பவளத்தையே சிதைத்துவிட்டுப் போனது.

குளிர்காலம் என்றால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். "நோர்த்தே" என்று அங்கே சொல்லும் வடகாற்று அடித்தால், துறைமுக அதிகாரிகள் சிறு படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். நான் போன ஜனவரியில் இரண்டு நாள் அப்படிப் போயிற்று. செனோட்டே டைவை முதல் நாளே முடித்திருந்ததால், அந்த இரண்டு நாளும் அறையில்தான் கிடந்தேன். காற்று எவ்வளவு அடித்தாலும் காட்டுக்குள் இருக்கும் குகை நீர் அசையாது. அதனால் கடல் டைவ்களை முன்னால் வைத்து, செனோட்டே நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று டைவிங் கடையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

செனோட்டேயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அலையில்லை, நீரோட்டமில்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி. அதனாலேயே எளிது என்று தோன்றும். ஆனால் தலைக்கு மேலே பாறை. ஏதாவது ஆனால் நேராக மேலே வர வழியில்லை. ஓபன் வாட்டர் கார்டு, அதாவது டைவிங்கின் அடிப்படைப் பயிற்சிச் சான்று, வைத்திருப்பவர் போகலாம், ஆனால் பகல் வெளிச்சம் தெரியும் பகுதிக்குள் மட்டும். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அந்த வழிகாட்டி குகை டைவிங்கில் முழுப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சிலிண்டரில் உள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மீதி ஒரு பங்கைத் தொடக்கூடாது. இதில் எதையாவது "பரவாயில்லை" என்று ஒரு கடை சொன்னால், பணம் போனாலும் சரி, விலகிவிடுங்கள். குகையின் ஆழமான வழிகளுக்கு முன்னால் மரண உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. உயிர்கள் போன பிறகுதான் அவை வந்தன.

கடலில் 27, 28 டிகிரி பழகியவருக்கு, 25 டிகிரிக் குகை நீரில் இரண்டாவது டைவில் உடம்பு நடுங்கும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் டைவிங் உடை) கேளுங்கள். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடத்தில் பார்வை கலங்கும்; மாஸ்க்கில் கோளாறு என்று பதற வேண்டாம், கடந்ததும் தெளிந்துவிடும். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நீரில் நிலையாக நிற்கும் மிதவைக் கட்டுப்பாடு வராதவர்கள் முதல் டைவாக இதை வைக்கவே கூடாது. காலில் மாட்டியிருக்கும் துடுப்பு ஒரு முறை பட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சொட்டி வளர்ந்த சுண்ணாம்புத் தூண் உடைந்துவிடும்.

கோஸுமெலில் நேர்மாறு. அங்கே நீரோட்டம்தான் நம்மைக் கூட்டிப்போகிறது. பலான்கார், சான்டா ரோசா போன்ற இடங்களில் படகு ஓரிடத்தில் நிற்காது, பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். படம் எடுக்க நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் காற்று சீக்கிரம் தீரும், குழுவும் கைவிட்டுப் போகும். மேலே ஊதி விடும் அடையாள மிதவை ஒன்று ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். அது கடல் பூங்கா என்பதால் கையுறை போட அனுமதியில்லை.

கார்டைப் பொறுத்தவரை, காளைச் சுறா டைவ் 25 மீட்டர் ஆழத்தில் நடக்கிறது. ஓபன் வாட்டர் கார்டின் எல்லை 18 மீட்டர், அதனால் அது போதாது. மருத்துவப் படிவத்தை ஊரிலேயே பாருங்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம் போன்ற கேள்விக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அங்கே போய் மருத்துவரைத் தேடினால் ஒரு நாள் வீண், மறைத்தால் ஆபத்து.

அப்புறம், கடைசி நாள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் 24 விடுவேன். செனோட்டேவும் டைவ்தான், அதற்கும் இதே கணக்கு. அந்த நாளைப் பழைய மாயா நகரமான சிச்சேன் இட்சாவுக்கு வையுங்கள்; டைவுக்குப் பிறகு உயரமான இடத்துக்குப் போவதும் விமானம் ஏறுவது மாதிரிதான், ஆனால் அது தாழ்வான சமவெளியில் இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்ஸிகோ விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் தேவையில்லை. அமெரிக்காவில் வேலை செய்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.