திலாப்பியா எவ்வழியே பரவியது? மரபணு மாதிரி எடுத்து அறியும் முறை

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் எளிதில் காணப்படும் மொசாம்பிக் திலாப்பியா, தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளுக்குரிய மீன். 1930களின் இறுதியில் ஜாவாவில் கண்டெடுக்கப்பட்டு, ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் இங்கு வந்து சேர்ந்தது. அது ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு நீர்வழியே தானாகச் சென்றதா, மனிதர் கொண்டுபோய் விட்டதா என்று ஆராய விரும்பும் மாணவர்களுக்கானது இக்குறிப்பு.

முதலில் அனுமதி பெறுங்கள். ஆய்வுக்காக மீன் பிடிப்பதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் தேசியப் பூங்காக் கழகத்தையும் எழுத்துமூலம் அணுக வேண்டும்.

ஓர் இடத்திற்கு இருபது முதல் முப்பது மீன்கள் போதும். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் கவனம் தேவை. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால், ஒரே கூட்டமாக நீந்தும் குஞ்சுகள் பெரும்பாலும் உடன்பிறந்தவையே. அவற்றை வாரியெடுத்தால் உண்மையில் இருப்பதைவிட மரபணுப் பன்மை, அதாவது மீன்களுக்கிடையிலான மரபணு வேறுபாடு, குறைவாகத் தெரியும். ஆகவே வளர்ந்த மீன்களை, கரையின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாள்களில் பிடியுங்கள்.

துடுப்பின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் அளவுத் துண்டை வெட்டி, 95 விழுக்காடு எத்தனாலில் உடனே போடுங்கள். ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும் என்பதால் அது வேண்டாம். எத்தனால் பேனா மையைக் கரைத்துவிடுவதால், எண், இடம், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் சிறு தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே இடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கத்தரிக்கோலைச் சுத்தம் செய்யாவிட்டால் இரு மீன்களின் மரபணு கலந்துவிடும்.

ஆய்வகத்தில், உயிரணுவின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவை மட்டும் நம்பாதீர்கள். ஆசியாவிலுள்ள மொசாம்பிக் திலாப்பியாக்களில் பெரும்பாலானவை ஜாவாவின் மிகச் சில மீன்களின் வழித்தோன்றல்கள் என்பதால், எங்கும் ஒரே மரபணு எழுத்து வரிசை கிடைக்கக்கூடும். மேலும் மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழி மட்டுமே வருவது. சந்தையில் விற்கும் சிவப்புத் திலாப்பியா போன்ற கலப்பினங்களின் தந்தைவழியை அது காட்டாது. எனவே தாய், தந்தை இருவழியும் வரும் உட்கரு மரபணுவின் மைக்ரோசாட்டலைட் குறியீடுகளையும் (திரும்பத் திரும்ப வரும், மீனுக்கு மீன் நீளம் மாறக்கூடிய சிறு மரபணுப் பகுதிகள்) சேர்த்துப் பாருங்கள்.

முடிவுகளை வரைபடத்தோடு வைத்து வாசியுங்கள். நீரால் இணைந்த அண்டை இடங்களின் மீன்கள் ஒத்திருந்து, தொலைவு கூடக்கூட வேறுபாடும் கூடினால் நீர்வழிப் பரவல் என்று கருதலாம். இம்மீன் உப்புநீரையும் தாங்குவதால் கழிமுகங்களையும் வழியாகக் கணக்கில் கொள்ளுங்கள். இணைப்பே இல்லாத இரு குளங்கள் ஒத்திருந்து அண்டைக் கால்வாய் வேறுபட்டால், யாரோ கொண்டுவந்து விட்டிருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் பன்மை மிகுந்திருப்பது, பல மூலங்களிலிருந்து மீண்டும் மீண்டும் விடப்பட்டதற்கான தடயம். பன்மை குறைந்த கூட்டம் தானே அழிந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். சில மீன்களிலிருந்து ஆசியாவெங்கும் பெருகிய திலாப்பியாவே அதற்கு மறுப்பு. ஒப்பீட்டுக்காக மீன்பண்ணையிலும் சந்தையிலும் கிடைக்கும் மீன்களின் மாதிரிகளையும் தொடக்கத்திலேயே சேகரித்துவிடுங்கள். அவை இல்லாமல் மூலத்தைச் சுட்ட முடியாது.