ரெய்டில் எழுதும் வேகம்: அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், 16 கேமராக்களின் பதிவைச் சேமிக்க லினக்ஸ் பெட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். 4 ஹார்டு டிஸ்க், மென்பொருள் ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் முறை). அன்றே லினக்ஸின் டிடி (dd) கட்டளையால் 2 ஜிபி கோப்பு ஒன்றை எழுதிப் பார்த்தேன். நொடிக்கு 1 ஜிபிக்கு மேல் காட்டியது. இரண்டு வாரம் கழித்து, பதிவு விட்டுவிட்டு வருகிறது என்று போன் வந்தது.

நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாக எழுதினால் பெரும்பாலும் நொடிக்கு 150 முதல் 250 எம்பி. 4 டிஸ்க் ரெய்டு 5-ல் தரவுக்குக் கிடைப்பது 3 டிஸ்க்கின் வேகம்தான். அப்படியானால் 1 ஜிபி எங்கிருந்து வரும்? நான் அளந்தது ரேமை. லினக்ஸ் தரவை முதலில் ரேமில் வாங்கிக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும், டிஸ்க்குக்கு அப்புறம்தான் இறக்கும். டிடியில் எஃப்டேட்டாசிங்க் (fdatasync, டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வது) சேர்க்க வேண்டும், அல்லது வேகம் அளக்கும் எஃப்ஐஓ (fio) கருவியில் ரேமில் தேக்காமல் எழுதும் டைரக்ட் முறையைப் போட வேண்டும்.

அடுத்தது, ரெய்டு தயாராகும் முன்பே அளப்பது. புது ரெய்டு 5 பின்னணியில் பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் அதன் தரவை மீட்க உதவும் கணக்கு) கட்டிக்கொண்டிருக்கும். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் (/proc/mdstat) பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நீலகிரியில் இதை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்வேன்: ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போய் வந்தால், ரெய்டு மறுபடி ஒத்திசைவில் இறங்கியிருக்கலாம். எந்தப் பகுதிகளில் எழுதிக்கொண்டிருந்தது என்று குறித்து வைக்கும் பிட்மேப் இருந்தால் அது சீக்கிரம் முடியும். நல்ல எண் வரட்டும் என்று பிட்மேப்பை எடுத்துவிட்டு அளப்பவர்கள் உண்டு. இந்த மலையில் அதைச் செய்யவே கூடாது.

நான் அதிகம் கற்றுக்கொண்டது எழுதும் அளவைப் பற்றித்தான். லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டியில் சங்க் (ஒரு டிஸ்க்கில் ஒரு முறைக்கு வைக்கும் துண்டு) இயல்பாக 512 கேபி. 4 டிஸ்க் என்றால் முழு ஸ்ட்ரைப் (எல்லா டிஸ்க்கிலும் ஒரு சங்க் சேர்ந்த வரிசை) ஒன்றில் 1536 கேபி தரவு. அதை ஒரே மூச்சில் நிரப்பினால் பழையதைப் படிக்கத் தேவையில்லை. 4 கேபி மட்டும் எழுதினால், பழைய தரவையும் பழைய பேரிட்டியையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒருமுறை எழுத நான்கு வேலை! 7200 சுற்றில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி ஆகிறது, ஹெட் நகரும் நேரம் தனி. பெரிய பிளாக்கில் ஒரே கோப்பை எழுதும் டிடிக்கு இது எதுவும் தெரியாது. 16 கேமரா என்றால் எஃப்ஐஓவிலும் 16 வேலைகள் ஒன்றாக ஓட வேண்டும்.

ஸ்ட்ரைப்களை ரேமில் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரைப் கேஷை 256-லிருந்து 4096 ஆக்கினேன். 4 டிஸ்க்குக்கு 64 எம்பி ரேம் பிடித்தது, வேகம் நன்றாகவே ஏறியது. ஆனால் அந்த அமைப்பு ரீபூட்டில் அழிந்துவிடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், அளந்தபோது இருந்த அமைப்பு மறுநாள் இருக்காது. பூட் ஆகும்போதே அது அமையும்படி எழுதி வைத்துவிட்டு அளந்தால்தான் எண்ணை நம்பலாம்.

காலி டிஸ்க்கில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் ஏமாற்றும். டிஸ்க் பொதுவாக வெளி வட்டத்திலிருந்துதான் நிரம்பத் தொடங்கும்; அதன் வேகத்தில் பாதியளவுதான் உள் வட்டத்தில் கிடைக்கும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க் என்றால் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு அப்புறம் படுத்துவிடும்.

உயரத்தால் வேகம் குறையுமா என்று கேட்கிறார்கள். ஊட்டியே சுமார் 2240 மீட்டர்தான், பொதுவாக டிஸ்க்குகள் 3000 மீட்டர் வரை தாங்கும். அதிர்வுதான் கவலை. எங்கள் பெட்டி, தேயிலையை ரோலர்களில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரக் கூடத்துச் சுவரை ஒட்டிய அலமாரியில் இருந்தது. ஹெட் தடத்திலிருந்து சற்று விலகினாலும் டிஸ்க் எழுதாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். நான் அளந்ததோ ரோலர் ஓடாத நாளில். பெட்டியைக் கணக்கர் அறைக்கு மாற்றி, ரோலர் ஓடும்போது ஒரு மணி நேரம் அளந்தேன். அப்போது வந்த எண்ணைத்தான் பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.