கோடைப் பண்பலை கரகரக்கிறதா? புது ரேடியோ வாங்கும் முன் இதைப் பாருங்கள்

மதுரையில் கோடைப் பண்பலை, அதாவது ஆகாசவாணியின் கொடைக்கானல் எஃப்எம் நிலையம், சரியாக எடுக்கவில்லை என்று சொல்கிறவர்கள் அடுத்ததாகக் கேட்பது "நல்ல ரேடியோவா ஒண்ணு சொல்லுங்க" என்றுதான். கொஞ்சம் பொறுங்கள். 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் திறனோடு, கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேலே இருக்கிற மலையிலிருந்து வருகிற ஒலிபரப்பு அது. கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள்தான், அந்த உயரத்திலிருந்து கிளம்புகிற எஃப்எம் அலை குறுக்கே எதுவும் இல்லையென்றால் அதைவிட இரண்டு மடங்கு தூரம் போகும். அதனால் தூரத்தைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ மறைக்கிறது, இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே ஏதோ இரைச்சல் போடுகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் ஆன்டெனா, பூஸ்டர் என்று காசைக் கொட்டுவது வீண்.

முதலில் காதால் கேட்டே பாதி விஷயத்தைக் கண்டுபிடிக்கலாம். சீராக 'உஸ்ஸ்' என்று மணல் கொட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் சிக்னல் உண்மையிலேயே குறைவு. 'ர்ர்ர்' என்று ஒரே தாளத்தில் உறுமினால் அல்லது டிக் டிக் என்று வெட்டினால் அது பக்கத்து மின்சாதனத்தின் வேலை. பாட்டு பலமாகக் கேட்கிறது, ஆனால் 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் கிழிந்து கேட்கிறது என்றால் ஒரே அலை நேராகவும், கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பியும் இரண்டு வழியில் வந்து மோதிக்கொள்கிறது. வேறு ஒரு நிலையம் ஊடே நுழைந்து பேசினால் உங்கள் பெட்டி உள்ளூர் சிக்னலைத் தாங்க முடியாமல் திணறுகிறது. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் சில நேரம் மோசமாகவே ஆகும்.

இரைச்சலைப் பிடிக்க மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். தெருவே கரண்ட் இல்லாமல் கிடக்கிற அந்தப் பகலில் பேட்டரியில் ரேடியோவைப் போட்டுக் கேளுங்கள், இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். அப்போது தெளிவாகக் கேட்டால் உங்களுக்கு ஆன்டெனாவே தேவையில்லை. அந்த நாள் வரைக்கும் காத்திருக்க முடியாதென்றால் வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுப் பாருங்கள். வீட்டில் கரண்ட் இல்லாதபோது இரைச்சல் நின்றால் காரணம் உங்கள் வீட்டில், நிற்காமல் இருந்தால் பக்கத்து வீட்டிலோ தெருக் கம்பத்திலோ.

வீட்டுக்குள் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது விலை மலிவான எல்இடி பல்புகளும் பெயர் தெரியாத மொபைல் சார்ஜர்களும்தான், அவற்றுக்குள் வேகமாக ஆன் ஆஃப் ஆகிற சிறு சர்க்யூட் இருக்கிறது, அதில் வடிகட்டி வைக்காமல் காசை மிச்சம் பிடித்தால் வயர் முழுக்க இரைச்சல் பரவும். செட் டாப் பாக்ஸின் அடாப்டர், ஃபேன் ரெகுலேட்டர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வர வேண்டியவை. எது என்று தெரிந்ததும் அதை மாற்றுங்கள், முடியாவிட்டால் ரேடியோவை அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், அந்தத் தூரமே பெரிய வித்தியாசம் காட்டும். காரில் கேட்கிறவர்கள் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிய சார்ஜரையும் டேஷ்கேமையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

சரி, வெறும் 'உஸ்ஸ்' தான் என்றால் இடத்தைப் பாருங்கள். கொடைக்கானல் பெரிய மலை என்பதால் எங்கிருந்தும் தலைக்கு மேலே தெரியும் என்று நினைத்துவிடுகிறோம், மதுரையிலிருந்து கணக்குப் போட்டால் அது தொடுவானத்துக்கு மேல் ஒரு பாகையைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறது, கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் பருமன் அவ்வளவுதான். எதிர்வீட்டு மூன்று மாடி அதைச் சுலபமாக மறைத்துவிடும். நாகமலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி வீடு இருந்தால் அந்த மலையே மறைக்கும். மேலூர்ப் பக்கம் சில இடங்களுக்கு அழகர்மலை குறுக்கே வருகிறது. நத்தத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் சிறுமலை முழுசாக நிற்கிறது, அங்கே கிடைப்பதெல்லாம் மலை முகட்டில் மடங்கி வருகிற மிச்சம்தான். நத்தத்தில் இருப்பவர்கள் ஆன்டெனாவுக்குச் செலவு செய்வதைவிட ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் கேட்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் இருக்கும் திசை மேற்கு, அதிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்வு. அந்தப் பக்கம் இருக்கிற ஜன்னலில் ரேடியோவை வையுங்கள். கான்கிரீட்டில் கம்பி ஓடுகிறது, அது அலையைத் தடுக்கும், தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம், அதனால் அறை நடுவில் வைத்து எந்தப் பெட்டியையும் சோதிக்காதீர்கள். நீட்டுகிற கம்பி 75 சென்டிமீட்டர் நீளம் வந்தால் போதும், அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு அது. நேராக நிறுத்தியும் படுக்க வைத்தும் பாருங்கள், எந்த நிலையில் நன்றாக எடுக்கிறதோ அப்படியே விடுங்கள். ஸ்டீரியோ பெட்டி என்றால் மோனோவுக்கு மாற்றுங்கள், இதைச் செய்யாமலேயே பலர் மாடிக்கு ஏறிவிடுகிறார்கள். ஸ்டீரியோவுக்கு மோனோவைவிடப் பல மடங்கு பலமான சிக்னல் வேண்டும், மோனோவில் இரைச்சல் சட்டென்று அடங்கும். மொபைலில் கேட்டால் இயர்போன் வயர்தான் ஆன்டெனா, அதைச் சுருட்டி வைக்காமல் தொங்க விடுங்கள். மற்றபடி, மத்திய அலையில் மதுரை நிலையத்தை (1269 கிலோஹெர்ட்ஸ்) கேட்கிறவர்களுக்கு இந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை. அதற்கான ஆன்டெனா பெட்டிக்குள்ளேயே கறுப்புக் கோலாக இருக்கிறது, பெட்டியையே திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

வேறு நிலையம் ஊடே வருகிறது என்றால் கம்பியைக் குட்டையாக்குங்கள். நகரத்துக்குள் இருக்கிற எஃப்எம் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இதுவே போதும். கிழிந்து கேட்கிற கோளாறுக்கும் நகர்த்துவதுதான் வைத்தியம், அரை மீட்டர் இந்தப் பக்கம் தள்ளினாலே மாறும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லையென்றால் மொட்டை மாடியில் ஒரு டைபோல், அதாவது இரண்டு கம்பித் துண்டால் ஆன ஆன்டெனா, கட்டுங்கள், கடையில் வாங்கவே வேண்டாம். செம்புக் கம்பி இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர். பிவிசி பைப்பில் இரண்டையும் ஒரே கோட்டில், நடுவில் ஒட்டாமல் சின்ன இடைவெளி விட்டுக் கட்டி, பழைய டிஷ் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும் வலைக்கம்பியை இன்னொன்றிலும் பற்றவையுங்கள். அந்தக் கேபிள் 75 ஓம், டைபோலும் ஏறக்குறைய அதே அளவு, அதனால் இடையில் வேறு எதுவும் தேவையில்லை. 15 மீட்டர் கேபிளில் போகிற இழப்பு காதுக்கே தெரியாது. கம்பியின் முனைகள் அல்ல, பக்கவாட்டு கொடைக்கானலைப் பார்க்க வேண்டும், முனைப் பக்கம் எதுவும் எடுக்காது. இதையும் செங்குத்தாக ஒருமுறை வைத்துப் பாருங்கள். பற்றவைத்த இடத்தை எம்சீல் வைத்து நன்றாக மூடுங்கள், கேபிளுக்குள் தண்ணீர் ஏறினால் ஒரே மழைக்காலத்தில் கெட்டுவிடும். ரேடியோவில் ஆன்டெனா துளை இல்லையென்றால் நடுக்கம்பியைப் பெட்டியின் கம்பியில் கிளிப் போட்டு மாட்டலாம்.

பூஸ்டர் கடைசி. அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும், உள்ளூர் நிலையங்களையும் பெருக்கிப் பெட்டியைத் திணறடிக்கும். டைபோல் நல்ல உயரத்தில் இருந்து, கேபிள் மிக நீளமாக இருந்தால் மட்டும், அதுவும் மாடியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மின்கம்பி போகிற பக்கம் பைப்பை நிறுத்தாதீர்கள், சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் சாயங்காலம் வானம் கறுக்க ஆரம்பித்ததும், இடி கேட்பதற்கு முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்க ஆரம்பித்த பிறகு அதைத் தொடவே வேண்டாம்.