சிறு டிரம் சாண்டரில் பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது

வீணைக் குடத்துக்கான பலா மேல்பலகை, தஞ்சாவூர் ஓவியத்துக்கான பலகை, பூசையறைக் கதவுக்கு ஒட்டிச் சேர்த்த தேக்கு என எதுவானாலும், ஏற்கெனவே நேராக இழைத்த மரத்தில் அரை மில்லி, ஒரு மில்லி தேய்த்து ஒரே கனமாக்குவதுதான் டிரம் சாண்டரின் வேலை. உப்புத்தாள் சுற்றிய உருளை (டிரம்) மேலே சுழல, கன்வேயர் பட்டை பலகையை அதனடியில் கொண்டுபோகும் இயந்திரம் இது. கோணலை எடுக்க இதை நம்பாதீர்கள். அடிப்பக்கத்துக்கு இணையாகத்தான் இது மேல்பக்கத்தைத் தேய்க்கும். மெல்லிய பலகை வளைந்திருந்தால் அழுத்து உருளைகள் அதை அமுக்கித் தட்டையாக்கும். வெளியே வந்ததும் அது பழைய வளைவுக்கே போய்விடும்.

ஆகவே முதலில் ஒரு முகத்தையாவது இழைப்புளியால் நேராக்குங்கள். லேசாகக் குழிந்த பலகையானால் குழிந்த பக்கத்தைக் கீழே வையுங்கள். இரண்டு ஓரங்களும் ஊன்றிக்கொள்ளும், பலகை ஆடாது. முறுக்கிய பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை அடியில் கொடுத்து, இடைவெளிகளில் மெல்லிய ஆப்பு வைத்து ஒட்டி, பின்முனையில் ஒரு தடுப்புக் கட்டை அடித்து, அதோடு சேர்த்தே உள்ளே அனுப்புங்கள்.

அடுத்து டிரம் மேசைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக் குறைகள் இங்கேதான் பிறக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்து, உப்புத்தாளைக் கழற்றுங்கள். ஒரே ரீப்பரிலிருந்து வெட்டிய, வெர்னியரில் ஒரே அளவு காட்டும் இரண்டு துண்டுகளை டிரம்முக்கு அடியில் இடமும் வலமுமாக வையுங்கள். ஒரு பக்கம் தொடும்வரை டிரம்மை இறக்கி, மறுபக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகளால்) அளந்து, போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகு தாளைச் சுற்றி, இரண்டு குறுகிய ரீப்பர்களை இரு ஓரங்களிலும் ஒரே உயரத்தில் விட்டுத் தேய்த்து அளந்து பாருங்கள். இதுதான் உண்மையான சோதனை. 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி திருகுங்கள்.

டிரம்மின் ஒரு முனை திறந்திருக்கும் இயந்திரத்தில் டிரம்மைவிட அகலமான பலகையை முன்பின்னாகத் திருப்பி இரண்டு தடவை விடுவதானால், திறந்த முனை ஒரு தாள் கனம் உயர்ந்திருக்கட்டும். அது தாழ்ந்திருந்தால் பலகையின் நடுவே நீளக் கோடு விழும்.

தாள் இறுக்கமாக இருக்க வேண்டும். சுற்றுகள் ஒன்றின் ஓரத்தை ஒன்று தொடலாம், மேலே ஏறக் கூடாது. ஏறிய இடமெல்லாம் பலகையில் பள்ளக் கோடாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகித முதுகுள்ள தாள் ஈரம் வாங்கித் தளரும். துணி முதுகுள்ளதை வாங்கி, மூடிய டின்னில் வையுங்கள்.

ஒட்டிச் சேர்த்த பலகைக்கு இன்னொரு மழைக்காலக் கண்டிப்பு உண்டு. பசையின் நீரால் இணைப்பு ஓரத்தில் மரம் ஊதியிருக்கும். அப்போதே தேய்த்தால், ஈரம் காய்ந்தபின் இணைப்பு நெடுகப் பள்ளம் விழும். வெயில் காலத்தில் ஒரு நாள் பொறுங்கள், மழையில் இரண்டு மூன்று நாள். வழிந்து இறுகிய பசையை உளியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது தாளில் ஒட்டிக்கொண்டு எரியும்.

தேய்க்கும்போது 80, 120, பிறகு 150 அல்லது 180 நம்பர் தாள் என்று போகலாம்; நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். 80இல் ஒரு தடவைக்கு 0.3 மி.மீ., 120இல் 0.15, அதற்கு மேல் 0.1க்குள் எடுங்கள். உயரம் மாற்றும் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் டிரம் எத்தனை மில்லி இறங்குகிறது என்று ஒருமுறை அளந்து எழுதி ஒட்டிவிடுங்கள். பலகை முழுக்க பென்சிலால் கிறுக்கிவிட்டு உள்ளே அனுப்புங்கள். கிறுக்கல் மிச்சமிருக்கும் இடம் பள்ளம். ஒவ்வொரு தாளின் கடைசியிலும் டிரம்மை இறக்காமல் அதே உயரத்தில் இரண்டு முறை விட வேண்டும். பாரத்தில் விலகிய டிரம் அப்போதுதான் தன் நிலைக்கு வந்து மிச்சத்தை எடுக்கும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

பலகை பாதி வழியில் நின்றால் அங்கே குழி. முனைகள் தாழ்ந்து வந்தால் நீளப் பலகையைத் தாங்க உள்ளேயும் வெளியேயும் ஸ்டாண்டு இல்லை என்று பொருள், அல்லது அழுத்து உருளை அதிகம் இறுகியிருக்கிறது. பலகைகளை ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி அனுப்பினாலும் இந்தக் குறை குறையும்.

தேக்கின் எண்ணெய்ப்பசை தாளை அடைத்து, பலகையில் கறுப்புக் கோடு போடும். ஓடும் டிரம்மில் ரப்பர் சுத்தக்கட்டியை அழுத்தித் துடையுங்கள். இறக்கத்தைக் குறைத்து, கன்வேயர் வேகத்தைக் கூட்டுங்கள். பலகையைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு முறையும் டிரம்மின் வேறு பகுதியில் விட்டால் தாள் ஒரே இடத்தில் தேயாது. தூசு உறிஞ்சி இல்லாமல் ஓட்டவே கூடாது. கன்வேயரில் தங்கிய தூள் பலகையை அடியிலிருந்து தூக்கிவிடும். நுரையீரலுக்கும் கேடு, முகக்கவசமும் வேண்டும்.

டிரம் விட்ட நேர்கோடுகளைக் கடைசியில் கட்டையில் சுற்றிய 180 தாளால் ரேகையோடு தேய்த்து எடுங்கள். ஓவியப் பலகைக்கு மட்டும் 120இலேயே நிறுத்தலாம், அதன்மேல் ஒட்டும் துணிக்கு அந்தச் சொரசொரப்பே நல்ல பிடிப்பு.